மச்சான் பாத்த கிகாலி

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ரெண்டு நாள் முந்தி கனடாவில இருந்து மச்சான் வந்து இறங்கினான். மாமான்ர மகன், என்னைவிட ஒரு வயசு மூப்பு, 90இல இடம்பெயரேக்க ஒரே சைக்கிளில முன்னும் பின்னும் இருந்து போன ஆக்கள் நாங்கள். வந்த அண்டே பின்னேரம் விறாந்தையில சாய்மனைக் கதிரையில காலை நீட்டிக்கொண்டு, மனிசி குடுத்த தேத்தண்ணியை ஆறவிட்டுப்போட்டு, போனை என்ர மூஞ்சைக்கு நேர பிடிச்சு "உது எந்த ஊர் எண்டு சொல்லு பாப்பம்" எண்டான். மலை, மலையைச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு போற கறுப்பு றோட்டு, ரெண்டு பக்கமும் வடிவா வெட்டிவிட்ட புல்லு, மருந்துக்கும் குப்பை இல்லை, மோட்டச்சைக்கிள் ராக்சி ஓடுறவனுக்கும் ஹெல்மெட் பின்னால இருக்கிற மனிசிக்கும் ஹெல்மெட். நுவரெலியாப் பக்கமோ எண்டு கேட்டன். "கிகாலியடா! ருவாண்டா!"

கொம்பனி மீற்றிங் ஒண்டுக்கு நாலு நாள் போட்டு வந்திருக்கிறான். அந்த நாலு நாளை வைச்சு எனக்கு ரெண்டு கிழமை வகுப்பு எடுத்தான். திருவிழாவுக்குப் போன இடத்தில, ஐஸ்கிறீம் கடையில, செத்தவீட்டுக்குப் போன இடத்தில கூட. கடைசியா அந்த நாட்டு ஜனாதிபதி ககாமேயை வைச்சுத் தீர்ப்பும் சொன்னான்: "எங்களுக்கு ஒரு ககாமே வேணும் மச்சான். பத்து வருசம் ஒருத்தரும் வாய் திறக்காமல் வேலையைப் பாத்தால் யாழ்ப்பாணம் எங்கயோ போயிடும்." விருந்துக்கு வந்தவனோட மல்லுக்கட்டக் கூடாது எண்டு நான் அப்ப பேசாமல் இருந்திட்டன். அவன் இப்ப போட்டான், அதாலதான் இஞ்ச எழுதுறன், அவனும் வாசிப்பான் எண்டு தெரியும், வாசிக்கட்டும்.

முதல்ல அவன் சொன்னதில மெய்யானதைச் சொல்லிப்போடோணும். 1994 ஏப்ரல் 6 இரவு ருவாண்டா ஜனாதிபதி ஹபியாரிமானாவின்ர பிளேனைச் சுட்டு விழுத்தினவை, அடுத்த நாள் தொடங்கி ஜூலை நடுப்பகுதி மட்டும் கிட்டத்தட்ட 100 நாள், ஐ.நா கணக்கில 8 லட்சம் சனம், அந்த நாட்டு அரசாங்கக் கணக்கில 10 லட்சத்துக்கும் மேல கொல்லப்பட்டுது. பெரும்பாலும் சிறுபான்மைத் துட்சி ஆக்கள், அவையைக் கொல்லமாட்டம் எண்டு நிண்ட பெரும்பான்மை ஹூட்டு இன ஆக்களும்தான். ஷெல்லும் கிபீர் பிளேனும் இல்லை, கனக்க இடத்தில அயல்காரன் வெட்டுக்கத்தியோட வந்து நிண்டிருக்கிறான், சேர்ச்சுக்குள்ள ஓடி ஒளிச்சவையை சேர்ச்சுக்குள்ளயே வைச்சு முடிச்சிருக்கினம். அங்க நிண்ட ஐ.நா படையை 2,500இல இருந்து 270 பேராக் குறைச்சுப்போட்டு உலகம் பாத்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தை வாசிக்கேக்க 2008 செப்டெம்பரில கிளிநொச்சியில இருந்து ஐ.நா வாகனங்கள் வரிசையா வெளிக்கிட்டதும் சனம் வாசலை மறிச்சுக்கொண்டு போகாதேங்கோ எண்டு கேட்டதும் எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வராமல் இருக்க ஏலாது.

ஜூலை 4ஆம் தேதி ககாமேயின்ர துட்சிப் படையான ஆர்.பி.எஃப் கிகாலியைப் பிடிக்கேக்க அங்க ஒண்டும் மிச்சமில்லை. தோத்து ஓடின அரசாங்க ஆக்கள் மத்திய வங்கிக் காசையும் அள்ளிக்கொண்டு போட்டினம், 20 லட்சம் சனம் எல்லை தாண்டியிட்டுது, வாத்தியார் இல்லை, டொக்டர் இல்லை, வயலில வேலைக்கு ஆளில்லை. அதில இருந்து ஒரு நாட்டைத் தூக்கி நிறுத்தினது சின்ன வேலை இல்லை. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வருசா வருசம் 7, 8 வீத வளர்ச்சி, பத்துப் பேரில ஒம்பது பேரளவில சேர்ந்திருந்த கிராமத்துச் சுகாதாரக் காப்புறுதி, குழந்தைச் சாவு விழுந்து குறைஞ்சது, 2008இல உலகத்திலயே முதல் முறையா பெண்கள் பாதிக்கு மேல இருந்த பாராளுமன்றம், கோப்பியைக் கழுவித் தரம்பிரிச்சு நல்ல விலைக்கு வித்தது, மலைக் கொரில்லா பாக்கப் போறவனிட்ட ஒருக்காப் பாக்க 1,500 டொலர் வாங்கிறது எண்டு சொல்லிக்கொண்டே போகலாம். மாசக் கடைசிச் சனிக்கிழமை ஊர் முழுக்க இறங்கி வேலை செய்யோணும், உமுகாண்டா எண்டு அதுக்குப் பேர். சொப்பிங் பையை 2008இலயே தடை செய்திட்டினம், எயாப்போட்டில மச்சான்ர பையைக் கூட வாங்கி வைச்சிருக்கினம். குப்பை கொட்டுற கல்லுண்டாய் வெளியால போகேக்க மூக்கைப் பொத்திக்கொண்டு போற ஒரு யாழ்ப்பாணத்தான் இதைக் கேட்டுப் பொறாமைப்படாமல் இருந்தால் அவன் பொய்யன். எனக்கும் பொறாமைதான்.

ஆனால் மச்சானுக்கு அந்த ஊர் ஏன் உப்பிடிப் பிடிச்சிருக்கு எண்டு யோசிச்சால் விசயம் புல்லு வெட்டினதில மட்டும் இல்லை. எங்கட ஆக்கள் ருவாண்டாவைப் பாக்கேக்க எப்பவும் துட்சியிட கதிரையிலதான் போய் இருக்கினம். சிறுபான்மை, படிச்ச சனம், கலவரம் வந்து அகதியாப் போய் வெளிநாட்டில வளந்தவை, திருப்பிப் படையோட வந்தவை, வெண்டவை! எங்களுக்கு நடக்காமல் போனது அங்க நடந்திருக்கு. ககாமே எண்டது எங்கட கனவில இருக்கிற ஒருத்தர், பேரைச் சொல்லத் தேவையில்லை. நான் கேக்கிறது என்னெண்டால், நாங்கள் வெண்டிருந்தால் என்ன செய்திருப்பம்? எங்களிட்ட அதுக்கு ஒரு சாம்பிள் இருக்கு. 1990 ஒக்டோபரில யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை ரெண்டு மணித்தியாலத்தில வெளியேறச் சொல்லிப் புலிகள் அனுப்பினவை, வடக்கு முழுக்க 70 ஆயிரத்துக்கு மேல சனம், உடுத்த உடுப்போட. ஐஞ்சு சந்திப் பக்கம் போய்ப் பாருங்கோ, திரும்பி வந்து கட்டின வீடும் இருக்கு, கூரையில்லாமல் மரம் முளைச்ச சுவரும் இருக்கு. அதைப் பற்றி நாங்கள் எவ்வளவு கதைச்சம் எண்டு ஒவ்வொருத்தரும் தங்களைக் கேட்டால் சரி. இதைச் சொன்னால் சிலருக்குக் கோவம் வரும், வரட்டும்.

சரி, ருவாண்டாவுக்கு வாறன். மச்சான் போன பிறகு இரவிரவா இருந்து வாசிச்சன். வாசிக்கேக்க ஒரு இடத்தில நிண்டிட்டன், அது ஏனெண்டால் அது என்ர தொழில். 2010, 2011 அளவில அங்க ஓலைக்கூரை ஒழிப்பு எண்டு ஒரு திட்டம். புல்லாலயும் இலையாலயும் வேஞ்ச வீட்டை அவை நியாகாட்சி எண்டுவினம், அது நாட்டுக்கு வெக்கமாம், ஒரு வீடு மிஞ்சக்கூடாது, எல்லாத்துக்கும் தகரமோ ஓடோ போடோணும். அங்க மாவட்டத் தலைவர் ஒவ்வொருத்தரும் வருசம் தொடங்கேக்க ஜனாதிபதியோட ஒப்பந்தம் எழுதுவினம், இந்த வருசம் இவ்வளவு றோட்டு, இவ்வளவு வீடு எண்டு, இமிஹிகோ எண்டு அதுக்குப் பேர். எழுதினதைச் செய்யாட்டி கதிரை போயிடும். அப்ப என்ன நடக்கும்? புதுக்கூரை வரமுன்னமே பழங்கூரையைப் பிடுங்கிப்போட்டினம். குறிப்பா பற்வா எண்ட, எண்ணிக்கையில ஆகச் சின்னச் சனம் மழைக்குள்ள நிண்டிருக்கு. ஆனால் மாவட்டக் கணக்கில ஓலைக்கூரை பூச்சியம். இலக்குக் கிடைச்சிட்டுது.

அந்தப் பூச்சியத்தை எழுதின ரீ.ஓ, அதான் தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஆராயிருக்கும் எண்டு யோசிச்சன். ஏனெண்டால் நானும் ரீ.ஓவா இருந்தனான். 2013இல இந்திய வீட்டுத்திட்டத்தில வடமராட்சி கிழக்குப் பக்கம் வேலை. 50,000 வீடு, ஒரு வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம், 550 சதுர அடி, ரெண்டு அறை ஒரு ஹோல் ஒரு குசினி, வீட்டுக்காரரே கட்டோணும், நாங்கள் அத்திவாரம் பாத்து, லிண்டல் மட்டம் பாத்து, கூரை பாத்து சைன் வைக்க, காசு கட்டம் கட்டமா அவையின்ர வங்கிக் கணக்குக்கு வரும். நல்ல திட்டம், நான் அதில குறை சொல்லமாட்டன், தரப்பாளுக்குக் கீழ நாலு வருசம் இருந்த சனத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் ஒரு குழப்பம் எல்லா இடத்திலயும் இருந்தது. பிளானில இருக்கிறதை விடப் பெருசாக் கட்டியிடுவினம். எட்டி ஒரு விறாந்தை, சாமி அறை, முன்னுக்கு வளைவு. கட்டி முடிக்கக் காசு காணாது, சங்கிலி அடைவுக்குப் போகும், பேந்து கிழமைக் கடன். திங்கக்கிழமை எண்டால் மோட்டச்சைக்கிளில ஒருத்தன் படலையடியில வந்து இருந்தானெண்டால் காசு வாங்காமல் எழும்பமாட்டான். எங்களுக்கு மேலிடத்தில சொன்னது "சனத்துக்குப் பேராசை, சொல்லி விளங்கப்படுத்துங்கோ". நானும் கனக்கப் பேருக்கு விளங்கப்படுத்தினன்.

அதில ஒரு அம்மா. கடற்கரையில இருந்து ஒரு கூப்பிடு தூரம் காணி, மனிசன் 2000க்கு முந்தியே கடலில போட்டார், மகளும் தானும். படிவம் நிரப்பேக்க குடும்பத்தில எத்தனை பேர் எண்டு கேட்டன். மூண்டு எண்டா. பேரைச் சொல்லச் சொன்னன், தன்ர பேர், மகளின்ர பேர், மகன்ர பேர். மகன் எங்க எண்டு கேட்டன். 2009 மே மாசம் வட்டுவாகலில வைச்சு ஆமியிட்ட தானே கையைப் பிடிச்சுக் குடுத்ததாம், விசாரிச்சிட்டு விடுறம் எண்டு சொல்லி பஸ்ஸில ஏத்தினவையாம். நான் அம்மா, இதில இப்ப இருக்கிற ஆக்களை மட்டும்தான் எழுதலாம் எண்டன். "இருக்கிறான் தம்பி, நான் குடுத்தனான், செத்துப்போனவனை ஆரும் பஸ்ஸில ஏத்துவினமோ" எண்டா. மரணப் பதிவு எடுத்தால் நட்ட ஈடு வாங்கலாம் எண்டு அப்ப ஒரு சட்டமும் வந்திருந்தது, 2010இல, காணாமப்போனவையைச் செத்தவையாப் பதியிறதுக்கு. விதானையார் அதைச் சொல்லி, மனிசி அவரை வளவுக்குள்ள விடேல்லையாம். நான் படிவத்தில 2 எண்டு எழுதினன். அவ அதைப் பாத்துக்கொண்டு இருந்தா, ஒண்டும் சொல்லேல்ல.

ரெண்டு மாசத்தால லிண்டல் மட்டம் பாக்கப் போனால் பிளானில இல்லாத ஒரு அறை எழும்பி நிக்குது. மூண்டாவது அறை. நான் பேசினன், நல்லாப் பேசினன், அம்மா உதுக்கு நான் சைன் வைக்க ஏலாது, இருக்கிற காசில கூரை போட வராது எண்டு. "நீங்கள் ரெண்டு எண்டு எழுதினால் ரெண்டுக்குத் தந்தால் போதும், மூண்டாவதை நான் கட்டுறன்" எண்டா. தாலிக்கொடி போய் கிழமைக்கடனும் வந்துதான் அந்த அறை எழும்பினது. பிறகு அறிக்கையில நான் அதை "அங்கீகரிக்கப்படாத விஸ்தரிப்பு, பயனாளியின் கடன்சுமைக்குக் காரணம்" எண்டு எழுதினன். பிழையில்லை, சரியான வசனம். அந்த வசனத்தை நினைச்சால் இப்பவும் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்கு.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், கிகாலியில புல்லு வெட்டின றோட்டைப் பாக்கிறவனுக்கு உப்பிடியான அறையள் கண்ணில படாது. அங்கயும் படிவத்தில இடமில்லாத ஆக்கள் இருக்கினம். கிசிட்டோ மிஹிகோ எண்டு ஒரு பாட்டுக்காரன், துட்சிப் பெடியன், தகப்பனை 94இல கொண்டவை, தேவாலயப் பாட்டுக்காரன், அரசாங்க நினைவு நாளிலயெல்லாம் அவன்ர பாட்டுத்தான், ஜனாதிபதிக்கும் விருப்பம். 2014இல ஒரு பாட்டில, இனப்படுகொலையில செத்தவைக்கு மட்டுமில்லாமல் மற்றப்பக்கத்தில பழிவாங்கலில செத்தவைக்காகவும் செபிக்கிறன் எண்ட மாதிரிப் பாடிப்போட்டான். ஆர்.பி.எஃப் கையால செத்த ஹூட்டுச் சனத்தைத்தான் சொன்னது. பாட்டு வானொலியில வராமல் நிண்டுது, ஆளைப் பிடிச்சு அரசாங்கத்துக்கு எதிராச் சதி எண்டு 10 வருசம் குடுத்தவை, 2018இல மன்னிப்புக் குடுத்து விட்டவை, 2020 பெப்ரவரியில எல்லையைத் தாண்டப் பாத்தான் எண்டு திருப்பிப் பிடிச்சு, சில நாளில பொலிஸ் கூண்டுக்குள்ள பிணம். தற்கொலை எண்டு பொலிஸ் சொன்னது. தகப்பனைப் பறிகுடுத்த ஒருத்தன் மற்றவன்ர தகப்பனுக்கும் சேத்து அழுதது அந்த நாட்டுக்குத் தாங்கேல்ல.

விக்டுவார் இங்கபிரே எண்ட மனிசியின்ர கதையும் கிட்டத்தட்ட அதுதான். 2010 ஜனவரியில தேர்தலில நிக்கிறதுக்கு ஒல்லாந்தில இருந்து வந்து இறங்கினா, வந்த அண்டே கிகாலி நினைவகத்துக்குப் போய் இஞ்ச செத்த ஹூட்டு ஆக்களையும் நினைக்கோணும் எண்டா. தேர்தலில நிக்க விடேல்ல. முதல்ல 8 வருசம், மேன்முறையீட்டுக்குப் போக அது 15 ஆனது. 2018இல விட்டவை, 2025இல திருப்பியும் பிடிச்சவை. கச்சாச்சா எண்டு ஊர் மரத்தடி நீதிமன்றங்கள் வைச்சு 2012 மட்டும் 19 லட்சம் வழக்கு முடிச்சவை, அது உலகத்தில ஒருத்தரும் செய்யாத வேலை, கொண்டவனும் தப்பினவனும் ஒரே ஊரில திருப்பிச் சீவிக்கிறதுக்கு ஒரு வழி. ஆனால் வெண்ட படை செய்த கொலை அந்த மரத்தடிக்கு வராது. அதுக்கு அங்க இடமில்லை.

எங்கட பக்கம் அப்பிடியே கண்ணாடியில தெரியிற மாதிரி. 2009 மே 19 பாராளுமன்றத்தில மகிந்த ராஜபக்ச எழும்பி, இனி இந்த நாட்டில சிறுபான்மை எண்டு ஒண்டு இல்லை, நாட்டை நேசிக்கிற ஆக்கள், நேசிக்காத கொஞ்ச ஆக்கள், ரெண்டே சாதிதான் எண்ட கருத்தில பேசினார். ருவாண்டாவிலயும் ஐடென்ரிகாட்டில இருந்த இன வரியை எடுத்தவை, அது நல்ல வேலை, 94இல அந்த வரிதான் ஆளைக் கொண்டது, செக்பொயின்றில ஐசியைக் குடுத்துப்போட்டு நடுங்கி நிண்ட எங்களுக்கு அது விளங்கும். ஆனால் வரியை எடுத்த கையோட, எனக்கு இன்ன இனம் எண்டதாலதான் இது நடந்தது எண்டு சொல்லுறதையும் பிரிவினை எண்டு குற்றமாக்கினால் முறைப்பாடு சொல்லுற வாயும் சேர்ந்து போயிடும். இஞ்ச கோப்பாயில புலிகளின்ர மாவீரர் துயிலுமில்லத்தைத் தரைமட்டமாக்கி, அதுக்கு மேல ஆமித் தலைமையகம் கட்டி 2011இல திறந்தவை. அதுவும் கட்டுமானம்தான். கொங்கிறீற் எல்லாம் வடிவாத்தான் போட்டிருப்பினம், நான் உள்ளுக்குப் போய்ப் பாக்கேல்ல.

அரசியல் விலை எண்டு பெரிய ஆக்கள் கதைக்கேக்க தேர்தலைப் பற்றித்தான் கதைப்பினம், அதையும் சொல்லோணும். ககாமே 2017இல 98 வீதத்துக்கு மேல, 2024இல 99.18 வீதம். 2015இல யாப்பை மாத்தினதால 2034 மட்டும் இருக்கலாம். மச்சான் அதுக்குச் சொன்னது, "சனத்துக்கு விருப்பம் எண்டால் உனக்கென்ன?" விருப்பமும் இருக்கும், நான் இல்லையெண்டு சொல்லேல்ல, ஒரு தலைமுறை வெட்டுக்கத்தியைப் பாத்த சனத்துக்கு நித்திரை கொள்ள விட்டாலே அது பெரிய விசயம். ஆனால் 99 எண்டால் அது விருப்பத்தை அளக்கிற கருவி இல்லை. டியான் ருவிகாரா எண்ட பெட்டை 2017இல நிக்கப் போனா, கையெழுத்துப் பிழை எண்டு தள்ளி, பேந்து தாயோட சேத்து உள்ளுக்குப் போட்டு, கடைசியில நீதிமன்றம் குற்றமில்லை எண்டு விட்டது. 2024இல திரும்பவும் தள்ளிப்போட்டினம்.

எங்களிட்ட அளக்கிற கருவி ஒண்டு இருந்தது, அரைகுறையெண்டாலும். 2014 ஒக்டோபர் 13, யாழ்தேவி ரயில் 24 வருசத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் வந்தது, மகிந்த தானே அதில வந்து இறங்கினார். ஸ்ரேசனில நானும் நிண்டனான், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனன், அவ கோச்சியைக் கண்டு அழுதா. காப்பெற் றோட்டு போட்டவர், கரண்ட் குடுத்தவர், கோச்சி விட்டவர். யாப்பின்ர 18ஆம் திருத்தத்தால மூண்டாம் முறையும் நிக்கலாம் எண்டு ஆக்கிப்போட்டு, ரெண்டு வருசம் முந்தியே தேர்தலும் வைச்சார். 2015 ஜனவரி 8, மூண்டு மாசம் முடியமுன்னம், எங்கட சனம் விடிய எழும்பி வரிசையில நிண்டு எதிர்ப்பக்கம் போட்டுது. கோச்சியில கண்ணீர் விட்ட அம்மாவும்தான். "கோச்சி வேற, அவர் வேற" எண்டா. மச்சானுக்கு நான் சொல்ல நினைச்சது இதைத்தான், ஆனால் அம்மா சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வரேல்ல. கிகாலியில ஒரு கிழவி அந்த மாதிரி றோட்டு வேற, அவர் வேற எண்டு நினைச்சால் அதை எங்க கொண்டுபோய்ப் போடுறது?

பக்கத்து நாடு கொங்கோவைப் பற்றி அவனுக்கு ஒண்டும் தெரியேல்ல. 1996இலயும் 98இலயும் ருவாண்டாப் படை அங்க போனது, எம்23 எண்ட ஆயுதக்குழுவிட்ட 2025 ஜனவரியில கோமா நகரம் விழுந்தது, ருவாண்டாப் படை அங்க நிக்குது எண்டு ஐ.நா நிபுணர்கள் எழுதினது, கிகாலி இல்லவே இல்லை எண்டது. தன்ர வளவைக் கூட்டிக் குப்பையைப் பக்கத்து வளவுக்குள்ள தள்ளுற ஆக்களை எங்கட ஒழுங்கையிலயும் தெரியும், அது போதும் இதுக்கு.

ஒண்டை மட்டும் மச்சானுக்கு ஒத்துக்கொள்ளுறன். எங்கட ஆக்கள் அங்கத்தை விலையை வாங்கிக்கொண்டு அங்கத்தைச் சாமானையும் தரேல்ல. வாயை மூடு, அபிவிருத்தி தாறம் எண்டினம். 2010, 11இல 8 வீதம் வளர்ச்சி எண்டு கொட்டை எழுத்தில போட்டினம். காசு கடன், கடனில துறைமுகம், அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல 99 வருசக் குத்தகைக்குக் குடுத்தாச்சு. போர் முடிஞ்சும் ஆமிச் செலவு குறையேல்ல. காங்கேசன்துறையில எங்கட சனத்தின்ர கடற்கரையில ஆமி ஹோட்டல் நடத்தினது, எங்களுக்கு காணி விடேல்ல. 2022 ஏப்ரலில கடன் கட்ட ஏலாது எண்டு கையை விரிச்சினம், நாங்கள் பெற்றோலுக்கு ரெண்டு நாள் வரிசையில கிடந்தம், தெற்குச் சனமும், காணாமப்போன பிள்ளையளைத் தேடி கிளிநொச்சி அம்மாக்கள் 2017இல இருந்து றோட்டுக்கரைக் கொட்டிலில இருக்கிற மாதிரி கொட்டில் போட்டு இருந்துது. ருவாண்டாவில வாயை மூடின சனத்துக்கு ஆஸ்பத்திரியாவது கிடைச்சுது. அதால எனக்கு மச்சான்ர கோவம் விளங்காமல் இல்லை. அவன் கேக்கிறது ஒழுங்கான முதலாளி ஒருத்தரை. நான் கேக்கிறது ஏன் எங்களுக்கு எப்பவும் முதலாளிதான் நினைவில வருது எண்டு.

போறதுக்கு மூண்டு நாள் முந்தி கடல் பாக்கோணும் எண்டான். மருதங்கேணிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனன். வாற வழியில அந்த அம்மா வீட்டில நிப்பாட்டினன், நான் வருசத்துக்கு ஒருக்கா ரெண்டுதரம் எட்டிப் பாக்கிறனான். மகள் கார்மென்சுக்குப் போயிட்டா. கிழமைக்கடன் முடிஞ்சுதாம், மகள்தான் முடிச்சவ, தாலிக்கொடி திரும்பேல்ல. இளநி வெட்டித் தந்தா. "தம்பி, நல்ல வேளை நீ வந்தாய், அந்த அறைக்கு நிலம் போட எவ்வளவு முடியும் எண்டு பாத்துச் சொல்லு, கருவாட்டுச் சாக்கெல்லாம் ஈரம் பிடிக்குது" எண்டா.

அறை அப்பிடியே கிடந்தது. பூச்சு இல்லாத கல்லுச் சுவர், நிலத்தில கடல் மணல், மூலையில மூண்டு கருவாட்டுச் சாக்கு. நான் ரேப்பை எடுக்க மச்சான் மற்ற நுனியைப் பிடிச்சுக்கொண்டு போய்ச் சுவரோட குந்தினான். பத்தடி, மற்றப்பக்கம் ஒம்பதே முக்கால். மூண்டிஞ்சி கொங்கிறீற்றும் மேல சாந்தும் எண்டால் சீமெந்து அஞ்சு பை பிடிக்கும், மணல் அங்கயே கிடக்கு எண்டு அவ சொல்ல, கடல் மணல் கூடாதம்மா, உப்பு எண்டன். 2022இல பை மூவாயிரத்துக்குக் கிட்டப் போனதால அப்ப விட்டவாம், இப்ப கொஞ்சம் இறங்கியிருக்கு, கார்த்திகைக்கு முதல் போட்டால் நல்லது எண்டு சொன்னன். எழுதிக்கொண்டு நிமிந்து பாத்தால் கூரைக்கு நடுவில வயர் இழுத்து ஃபான் பொயின்ற் ஒண்டு விட்டிருந்தது, அதுக்கு நேர கீழ சுவரில சுவிச்சும். கருவாட்டுக்கு ஃபான் எதுக்கு எண்டு நான் கேக்கேல்ல. மச்சானும் அதைப் பாத்தவன்.

காரில ஒண்டும் கதைக்கேல்ல அவன். பருத்தித்துறையில வடை வாங்கவெண்டு நிப்பாட்டினம். கடைக்காரன் சொப்பிங் பைக்குள்ள போட்டு முடிஞ்சு தந்தான், மச்சான் பேசாமல் வாங்கி மடியில வைச்சுக்கொண்டு இருந்தான்.